குடும்பக் கடன் 2,47,350 ரூபாய்: எல்லாச் சீட்டுகளையும் ஒரே பாயில் பரப்பிய பிறகு

தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

வணக்கம். 2025 நவம்பரில் எங்கள் குடும்பத்தின் கடைசிக் கடனை அடைத்தோம். தொடங்கும்போது 2,47,350 ரூபாய் இருந்தது. முடிக்க 21 மாதம் ஆனது. அன்றைக்கு யாராவது உண்மையான எண்களோடு எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ வட்டி மிச்சமாகியிருக்கும். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் மேற்பார்வையாளர். கைக்கு வருவது 31,000. மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார், மாதம் 7,000 அளவில் கிடைக்கும். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. வாடகை 9,000.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷினின் மோட்டார் எல்லாம் போயின. ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் மோட்டாருக்கும் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் சரியாக இருந்தது. மற்றதைத் தவணையில் வாங்கினோம். புயலால்தான் கடனாளி ஆனோம் என்று நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கடன் அதற்கு முன்பே இருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குழுக் கடன் தவணைக்குப் பணம் போதாமல் மனைவி என் அம்மாவிடம் கைமாற்றாகக் கேட்டிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த அடகுச் சீட்டை எடுத்து நீட்டினார். மடிப்பில் எழுத்து அழிந்துபோய்த் தேதியும் கிராம் கணக்கும் மட்டும்தான் தெரிந்தன. அம்மாவின் சங்கிலியும் வளையலும், மூன்றரைச் சவரன். ஏழு மாதம் வட்டி கட்டவில்லை. நகை மூழ்கிவிடுமோ என்று எத்தனை இரவு தூங்காமல் இருந்தாரோ தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று குரலை உயர்த்தினேன். அப்போது என் சட்டைப் பையில் தண்டல் அட்டை, அதாவது தினமும் கட்டும் வட்டிக் கடனின் அட்டை, இருந்தது. அதை நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பாயை விரித்து, இருந்த காகிதங்கள் எல்லாவற்றையும் பரப்பினோம். கிரெடிட் கார்டு பாக்கி 84,000. புயலுக்குப் பிறகு வாங்கிய பொருள்களுக்கு மாதம் 2,850 வீதம் ஒன்பது தவணை, 25,650. மனைவியின் குழுக் கடனில் இரண்டு வாரத்துக்கு 1,050 வீதம் 26 தவணை, 27,300. அடகு 60,000, அதற்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, ஏழு மாதப் பாக்கியோடு 68,400. மச்சானிடம் வட்டியில்லாமல் வாங்கியது 30,000. என் தண்டல் தினம் 200 வீதம் இன்னும் 60 நாள், 12,000.

கூட்டிப் பார்த்துவிட்டு மூவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அம்மாதான், "இவ்வளவுதானா? நான் இன்னும் அதிகம் என்று நினைத்தேன்" என்றார். அந்த ஒரு சொல் எங்களுக்குக் கொடுத்த தெம்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

மாதம் நாலாயிரம் துண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த நாலாயிரத்தையும் கார்டில் தேய்த்துக்கொண்டிருந்தோம். அந்த கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையாக 4,200 கட்டி வந்தேன். ஒழுங்காகக் கட்டுகிறேன் என்றுதான் நம்பினேன். அன்றிரவுதான் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,940, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 529. ஆக 3,469 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போயிற்று. அசலில் குறைந்தது 731 ரூபாய். அதே மாதம் புதிதாக நாலாயிரத்துக்குத் தேய்த்திருக்கிறேன்.

எப்படி அடைத்தோம் என்பதைத் தொடர்ந்து எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.


மூன்று சக்கரம் எழுதியது:

அண்ணா, நான் கொருக்குப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். தண்டலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு கனத்தது. எனக்கு இப்போது இரண்டு தண்டல் ஓடுகிறது. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு வேறு யார் கொடுக்கிறார்கள்? வங்கியில் சம்பளச் சான்று கேட்கிறார்கள், நான் எங்கே போவேன்? தண்டல்காரர் காலையில் வாசலுக்கே வருகிறார். பத்தாயிரம் கேட்டால் பிடித்தம் போக 8,500 கையில் வைக்கிறார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். 1,500 ரூபாய்தானே வட்டி, பரவாயில்லை என்றுதான் வாங்கினேன்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

பெரம்பூரில் இருக்கிறேன். வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். தம்பி, அந்த 1,500 ரூபாயைப் பத்தாயிரத்துக்கு வட்டி என்று நினைப்பதில்தான் ஏமாறுகிறோம். முதலில், உங்கள் கைக்கு வந்தது 8,500 மட்டும். அடுத்து, அந்த 8,500ம் நூறு நாளும் உங்களிடம் இருக்கவில்லை. மறுநாளே நூறு திரும்பப் போகிறது. ஐம்பதாவது நாளில் ஏறக்குறையப் பாதிதான் உங்களிடம் நிற்கிறது. இதை ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் 120 சதவீதத்தைத் தொடும். கிரெடிட் கார்டு 42 சதவீதம் என்று அலறுகிறோம், இது அதைப்போல் மூன்று பங்கு.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி, தண்டல் ஆகிய எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மிரட்டினாலோ வண்டியைப் பிடுங்கினாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்துவிட்டு அதே தெருவில் குடியிருக்க வேண்டிய சங்கடம் எனக்கும் தெரியும். அதனால் முதல் வேலை, மூன்றாவது தண்டலை எடுக்காமல் இருப்பது. இரண்டில் குறைந்த நாள் மிச்சமிருப்பதை முடியுங்கள்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

ஐயா சொன்ன கணக்கை நானும் அப்போது போட்டுப் பார்த்ததில்லை. தம்பி, எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். தண்டல் ஏப்ரல் நடுவில் முடிந்தது. முடிந்த மறுநாள் காலையிலும் மனைவி, "இருநூறு எடுங்கள்" என்று கை நீட்டினார். நூறு நாள் தினம் 200 எடுத்துக் கொடுத்துப் பழகிய கை அல்லவா, தயங்கவில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினார். வெளியாளுக்கு நூறு நாள் தவறாமல் கட்ட முடிந்தவனுக்குத் தன் வீட்டுக்குக் கட்ட முடியாதா? மாதம் 6,000 அப்படித்தான் சேர்ந்தது. கார்டுக்கு மாதம் 8,000 கட்ட முடிந்ததன் முக்கால் பங்கு அந்தப் பாட்டில்தான்.

ஆட்டோவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே வருமானம் இருக்காது என்பது தெரியும். இருந்தாலும் தண்டல் முடியும் அன்று இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.


காசிமேட்டுக்காரி எழுதியது:

நிலையான சம்பளக்காரர்கள் வரவு செலவு போடுவது சுலபம். நான் மீன் விற்கிறேன். ஒரு நாள் இரண்டாயிரம் நிற்கும், மறுநாள் ஐஸ் வாங்கிய காசுகூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு கொண்டுவரும் கொஞ்சம் மீனுக்கு ஏலத்தில் அடிதடி. அந்த இரண்டு மாதமும்தான் பள்ளிக்கூடம் திறக்கும் செலவோடு சேர்ந்து வரும். ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் நகை அடகுக்குப் போகும்.

தடைக்காலம் எதிர்பாராமல் வருவது இல்லையே, தேதியோடு வருகிறதே என்று ஒரு நாள் உறைத்தது. அது முதல் மாதத்துக்குக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். வருடத்துக்குப் பத்து மாதம்தான் என்று வைத்துக்கொண்டேன். ஆயிரத்துக்கு மேல் நிற்கும் நாளில் முந்நூறைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். நிற்காத நாளில் எடுக்க மாட்டேன், அதற்காக வருத்தப்படவும் மாட்டேன். தினமும் இவ்வளவு என்று வைத்தபோது இரண்டு நாள் தவறினால் மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் எடுத்துச் செலவழித்துவிடுவேன். போன இரண்டு தடைக்காலமும் வட்டிக்கு வாங்காமல் ஓடியது.

இன்னொன்று, மீன் வாங்குபவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து விலையைப் பார்த்துத் திட்டாதீர்கள். செவ்வாயோ வியாழனோ வாருங்கள். அதே வஞ்சிரம் குறைவாகக் கிடைக்கும். நெத்திலி, காரப்பொடி மீன்களை வாங்கினால் ஒரு குடும்பம் வாரம் இரண்டு முறை சாப்பிடலாம். கடனை அடைக்கப் பிள்ளைகளுக்கு மீனை நிறுத்தாதீர்கள்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

அக்கா, நாங்கள் முதல் மாதம் செய்த தவறே அதுதான். சிக்கனம் என்றதும் சாப்பாட்டில் கைவைத்தோம். மீன் இல்லை, முட்டை இல்லை, பாலைக் குறைத்தோம். பன்னிரண்டாவது நாள் பெரியவன் பள்ளியிலிருந்து வந்து ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்றே அதை விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு மாதம் எதையும் குறைக்காமல் எழுத மட்டும் செய்தோம். ஐந்து ரூபாய் மிட்டாய் முதல். மாதக் கடைசியில் பார்த்தால் அரிசி, பருப்பு, மீன் எதுவும் எங்களைக் கடனாளி ஆக்கவில்லை. கிடங்கு வாசலில் நான் குடித்த டீ, பஜ்ஜி, நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்தது சேர்த்து 1,560. வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு ஐந்து முறை, 2,340. அதில் மூன்று முறை நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்த நாள்கள், அலுப்பில் வரவழைத்தது. மனைவி எம்.சி. ரோட்டில் லைனிங் துணி எடுக்கப் போய், கூடவே பிள்ளைகளுக்கு எடுத்துவந்த சட்டைகள் 1,150. யாரும் பார்க்காமல் மாதாமாதம் பிடிக்கப்பட்ட இரண்டு சந்தாக்கள். அம்மாவின் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் 1,100.

மாத்திரைச் செலவு உடனே நின்றது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. 2021இலிருந்து நடக்கும் திட்டம், நாங்கள் மூன்று வருடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். ரேஷனில் 30 ரூபாய் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் வரிசையில் நிற்கச் சங்கடப்பட்டு விட்டுவந்தோம், அதை ஒழுங்காக வாங்கத் தொடங்கினோம். மனைவி துணி எடுக்கப் போக வர, கட்டணமில்லாத சாதாரணப் பஸ்ஸிலேயே போனார்.

டீயை நிறுத்தவில்லை. பத்து மணி நேரம் வெயிலில் நிற்பவனுக்கு டீ வேண்டும். பஜ்ஜியை நிறுத்தினேன். இரவு ஷிப்ட் நாள்களுக்கு முன்கூட்டியே மாவு அரைத்து வைத்தோம். வெளிச் சாப்பாடு மாதம் ஒரு முறை என்று வைத்தோம், அந்த ஒரு முறை எது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். எல்லாம் சேர்த்து மாதம் 2,600 முதல் 2,800 வரை குறைந்தது. அதற்கு மேல் குறைக்க முயன்றபோதெல்லாம் வேறு இடத்தில் வீங்கியது. பாரிமுனைப் பக்கம் மொத்தக்கடையில் மூன்று மாத மளிகையை வாங்கிப் பார்த்தோம். கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தது உண்மை, ஆனால் டப்பா நிறைய இருக்கும் முந்திரியும் திராட்சையும் பாயசமாகத் தீர்ந்துபோயின. திரும்ப மாதக் கணக்குக்கே வந்துவிட்டோம்.


புளியந்தோப்புப் பெண் எழுதியது:

கரண்ட் பில்லை விட்டுவிட்டீர்களே. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை, கீழேயுள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. 490க்கும் 510க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். நாற்பதாவது நாளில் மீட்டரைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.


மூன்று சக்கரம் எழுதியது:

எங்கள் குடியிருப்பில் தனி மீட்டரே இல்லை அக்கா. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். முதல் நூறு யூனிட் இலவசம் என்பது எங்கள் வாசல்வரை வந்ததே இல்லை.


வியாசர்பாடி தாய் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். தண்டையார்பேட்டைவாசி அண்ணா, உங்கள் வீட்டில் உங்கள் மனைவியும் அம்மாவும் காகிதத்தை எடுத்துப் பாயில் வைக்க முடிந்தது. எல்லா வீட்டிலும் அது முடியாது. என் கணவர் குடிப்பவர். வீட்டில் ஆயிரம் ரூபாய் இருப்பது தெரிந்தால் அன்று மாலையே அது இருக்காது. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் என் கணக்கில் வரும் நாள் எது என்று அவருக்குத் தெரியும், அன்று காலையிலேயே ஏதாவது காரணம் சொல்வார். நான் என் கடனையும் மறைக்கிறேன், என் சேமிப்பையும் மறைக்கிறேன். மறைத்ததால்தான் என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். இதைத் தப்பு என்று சொல்லாதீர்கள்.

குழுக் கடனைப் பற்றியும் சொல்கிறேன். பத்துப் பேரில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்டும்வரை எழுந்திருக்க விடாமல் உட்கார வைக்கிறார்கள். அந்த ஒருத்தியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு முறை நானே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வது சரி. என் வீட்டில் நடந்ததை வைத்து எல்லா வீட்டுக்கும் அதுதான் வழி என்று எழுதும் தொனி என் முதல் பதிவில் இருக்கிறது. உங்கள் மகள் படிப்பை முடிக்கட்டும். உங்கள் கணக்கு முழுவதும் தெரிந்த ஒரு ஆள், கணவராக இல்லாவிட்டாலும், மகளோ அக்காவோ, இருக்கிறாரா? அதை மட்டும் கேட்கிறேன்.


வியாசர்பாடி தாய் எழுதியது:

மகளுக்குத் தெரியும். அவள்தான் எழுதி வைக்கிறாள்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

அம்மாவுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் குழுக் கடன் போன்ற குறுங்கடன்களை முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது. கையில் மொத்தமாகப் பணம் வரும்போது தயங்காமல் முடியுங்கள். அடுத்து, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கே போகும்படி அவர்கள் கடன் கொடுக்கவும் கூடாது. அதனால் "இன்னும் ஒரு கடன் தருகிறோம்" என்று வரும்போது உங்களிடம் ஏற்கெனவே உள்ள எல்லாத் தவணைகளையும் சொல்லுங்கள். சொன்னால் கிடைக்காது என்று பயந்து மறைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்டையார்பேட்டைத் தம்பி, நகையை என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லவில்லையே.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

அதுதான் ஐயா எங்கள் கதையில் பெரிய திருப்பம். அடகுக்கடையில் 60,000க்கு மாதம் 1,200 வட்டி. அதே மூன்றரைச் சவரனுக்கு வங்கியில் 1,10,000 தருவதாகச் சொன்னார்கள், ஆண்டு வட்டி 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், மாதம் 850 ரூபாய் அளவில் வரும். பணம் இருமடங்குக்கு அருகில், வட்டியோ குறைவு. ஆனால் நகை அடகுக்கடையில் இருக்கிறதே. அதை மீட்டால்தான் வங்கிக்குக் கொண்டுபோக முடியும், மீட்க 68,400 வேண்டும்.

மச்சானிடம் போனேன். ஏற்கெனவே அவருக்கு 30,000 பாக்கி. கூச்சத்தை விட்டு முழுக் கணக்கையும் நோட்டில் காட்டினேன். ஒரு பகலுக்கு மட்டும் பணம் கொடுத்தார். காலை பத்தரைக்கு அடகுக்கடையில் நகையை மீட்டு, எடை பார்த்து, அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு வங்கிக்கு வந்தார். மதியம் இரண்டு மணிக்குள் வங்கிப் பணம் வந்தது, மூன்று மணிக்கு மச்சானின் 68,400 அவர் கணக்குக்குத் திரும்பிவிட்டது. மீதி 41,600ஐ அன்றே கார்டில் கட்டினேன். பாக்கி 84,000இலிருந்து 42,400க்கு இறங்கியது.

இதில் ஒரு ஆபத்து உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதி காலியான கார்டு கையில் இருந்தால் மறுபடியும் தேய்க்கத் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் கார்டு கடனும் இருந்திருக்கும், நகையும் போயிருக்கும். அதனால் வங்கிக்குப் போகும் முன்பே கார்டை முடக்கச் சொல்லிவிட்டேன். கைபேசியில் கடைகளின் செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்டு எண்களையும் மனைவி ஒவ்வொன்றாக அழித்தார். இந்த இரண்டையும் செய்ய முடியாதவர்கள் நகையை எடுத்துக் கார்டை அடைக்கும் வழிக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச், ஏப்ரலில் தண்டல் ஓடிக்கொண்டிருந்ததால் கார்டுக்குக் குறைந்தபட்சம் மட்டும் கட்டினோம். மே முதல் 8,000. அக்டோபரில் கார்டு முடிந்தது. ஜனவரியில் மச்சான் கடன். பிப்ரவரியில் மனைவியின் குழுக் கடன். பிறகு எல்லாப் பணமும் நகைக்கு.


எம்.கே.பி. நகர் எழுதியது:

வட்டியில்லாத மச்சான் கடனை நகைக்கு முன்னால் ஏன் அடைத்தீர்கள்? கணக்குப்படி வட்டி உள்ளதைத்தானே முதலில் முடிக்க வேண்டும்?


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

கணக்குப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தப் பொங்கலுக்கு மச்சானின் மகளுக்கு வளைகாப்பு. அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். சில நூறு ரூபாய் கூடுதல் வட்டி ஆனாலும் அதை நான் தெரிந்தே கொடுத்தேன்.


எம்.கே.பி. நகர் எழுதியது:

நான் ஏலச்சீட்டு போட்டுத்தான் அடைத்தேன். இரண்டு லட்சம் சீட்டைத் தள்ளி எடுத்து, அதாவது ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து முன்பே எடுத்து, கடனை முடித்துவிட்டு மாதாமாதம் சீட்டுக் கட்டினேன். கட்டாயமாகக் கட்ட வேண்டியிருந்ததால் ஒழுங்கு வந்தது.


காசிமேட்டுக்காரி எழுதியது:

தெரிந்தவர் நடத்தும் தீபாவளிச் சீட்டில் பதினோரு மாதம் கட்டி, பன்னிரண்டாவது மாதம் பூட்டிய கதவைப் பார்த்தவள் நான். எனக்குச் சீட்டு என்றாலே வயிறு கலங்கும்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். பதிவுச் சீட்டில் நடத்துபவரின் கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு தள்ளி எடுத்தீர்கள் என்பதையும் வட்டியாகப் பார்க்க வேண்டும். ஆரம்ப மாதங்களில் அதிகம் தள்ளி எடுத்தால் அதுவும் ஒரு விலை உயர்ந்த கடன்தான்.


கொடுங்கையூர் இளையவன் எழுதியது:

வெகுநாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு வயது 23. கைபேசிச் செயலிகளில் கடன் வாங்கினேன். முதலில் 5,000 கேட்டேன், 3,400தான் வந்தது. ஏழாவது நாள் 5,000 கட்டச் சொன்னார்கள். அதைக் கட்ட இன்னொரு செயலி. இப்போது எத்தனை என்று எண்ணவே பயமாக இருக்கிறது. என் படத்தை அசிங்கமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார்.


ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

தம்பி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு இன்றே அழைத்துப் புகார் கொடுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். முறையாக நடக்கும் கடன் செயலி உங்கள் தொலைபேசி எண் பட்டியலைத் தொடக் கூடாது, கேட்ட கடனில் பிடிக்கும் கட்டணத்தை முன்பே எழுத்தில் காட்ட வேண்டும். வசூலுக்குக் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் அழைக்கவும் கூடாது. இவர்கள் இது ஒன்றையும் மதிப்பவர்கள் இல்லை. இன்னொரு செயலியைத் திறக்காதீர்கள்.


வியாசர்பாடி தாய் எழுதியது:

படத்தை அனுப்பினால் அனுப்பட்டும் கண்ணு. உன்னைத் தெரிந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். நீ ஏதாவது தப்பாக யோசித்துவிடாதே. அப்பாவிடம் சொல். குடிக்காத அப்பா என்றால் சொல்.


கொடுங்கையூர் இளையவன் எழுதியது:

அப்பா குடிக்க மாட்டார் அம்மா. புகார் கொடுத்துவிட்டேன். ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். ஐந்து செயலிகள், 38,600. இன்று இரவு சொல்லப் போகிறேன்.


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

சொன்ன பிறகு எந்நேரமானாலும் எழுதுங்கள் தம்பி. எனக்கு இன்று இரவு ஷிப்ட், விழித்துத்தான் இருப்பேன்.


கொடுங்கையூர் இளையவன் எழுதியது:

மணி ஒன்றரை ஆகிறது. சொல்லிவிட்டேன். அப்பா வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு தண்டல் அட்டையை எடுத்து வந்து என் காகிதத்தின் மேல் வைத்தார். அவருக்கு 7,000 பாக்கி இருக்கிறதாம். அம்மாவுக்கும் தெரியாது. காலையில் அம்மாவை எழுப்பி மூவரும் உட்காரப் போகிறோம். அண்ணா, எதை முதலில் எழுதுவது?


தண்டையார்பேட்டைவாசி எழுதியது:

தண்டலை முதல் வரியில் எழுதுங்கள். எத்தனை நாள் மிச்சம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். பிறகு அம்மாவிடம், அவரிடம் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.